உப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை

பிப்ரவரி 3

எங்க வீட்டுப் பட்டதாரிக்கு,

அண்ணன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டுச்சா? மாசத்துக்கு ஒரு தடவ ஜெராக்ஸ் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டா, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்லியே அட்டைல இருக்குற நிமிஷத்தத் தீத்துடுறாங்க. உண்மைய நீ எழுது.

எனக்கு டிசம்பர்ல பத்து நாள் காய்ச்சல். இப்ப சரியாயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லிடாத.

இதோட முப்பத்தஞ்சு தாள் வச்சிருக்கேன். நான் சமைக்கிற சாப்பாட்டு வண்டி ஜன்னல்ல முதலாளி ஒரு தாள் கட்டைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கார். சாப்பிட்டவங்க அதுல ஏதாவது எழுதிட்டுப் போவாங்க. மேல, "உங்கள் அனுபவம் என்ன?"ன்னு அச்சடிச்சிருக்காம். கீழ முதலாளியோட நம்பர், குறை இருந்தா கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி. யாரும் கூப்பிட்டதில்ல. இங்க ஆளுங்க எழுதுவாங்க, இல்லன்னா பேசாம வராமப் போயிடுவாங்க. முதலாளியும் தாளைப் படிக்க மாட்டார். மூணு வண்டி வச்சிருக்கார், வெள்ளிக்கிழமை தலையைக் காட்டுவார், போயிடுவார்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்னு வேலைக்குச் சேரும்போதே பொய் சொல்லிட்டேன். அதனால இங்க யார்கிட்டயும் காட்ட முடியாது. நீதான் படிச்சு, ஒண்ணு விடாம தமிழ்ல எழுதி அனுப்பணும். நல்லது கெட்டது ரெண்டும் வேணும். முக்கியமா உப்பு, புளிப்பு, காரம் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாரு. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

வண்டி மேல மத்தியதரைக்கடல் உணவுன்னு பெரிசா எழுதியிருக்கு. முதலாளி அந்தக் கடலைப் பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல. நான் பாத்ததெல்லாம் கொண்டைக்கடலைதான். ஊறவச்சு, அரைச்சு, உருட்டிப் பொரிச்சே கை ரேகை தேஞ்சு போச்சு.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். கேட்டால், சுவர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்கிறாள். உனக்குக் காய்ச்சல் வந்ததை நான் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் கடை வேலை பழகிவிட்டது. மற்றவர்களின் சான்றிதழ்கள் சூடாக வெளியே வரும். எடுத்து அடுக்கிக் கொடுத்தால் போதும், பேச வேண்டியதில்லை. பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று கடைக்கார அக்கா கேட்கிறாள். போன வாரம் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை.

உன் தாள்களை மூன்று முறை படித்தேன். ஒருவர், "ஊரிலேயே மொறுமொறுப்பான உருண்டை" என்று எழுதியிருக்கிறார். ஒரு குழந்தை, ரொட்டிக்குக் கண்ணும் வாயும் வைத்துப் படம் போட்டிருக்கிறது. எள் விழுது சேர்த்து அரைத்த கொண்டைக்கடலையைப் பற்றி, "கிண்ணத்தை நக்கிவிட்டேன், யாரும் பார்க்கவில்லை" என்று ஒருவர். ஊதா மைப் பேனாவால் எழுதும் ஒரு பெண் இருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய். மழை. அலுவலகத்தில் காலையிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. வண்டிக்காரர் ஓர் உருண்டை கூடுதலாக வைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்று என்னோடு பேசிய ஒரே மனிதர்."

இதை மட்டும் நான்காவது முறையும் படித்தேன். நீ எட்டு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பதை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார்.

சில தாள்களில் பென்சில் எழுத்து அழிந்துவிட்டது. அவற்றைப் படிக்க முடியவில்லை. உப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 12

பட்டதாரிக்கு,

நலம்தான். உன் லெட்டரை எண்ணெய்க் கறை படாத இடமாப் பாத்து ஒளிச்சு வச்சிருக்கேன், வண்டில அப்படி இடம் ஒண்ணே ஒண்ணுதான்.

ஊதா மை பொம்பளைன்னு எப்படி முடிவு பண்ணின? அது ஆறடி ஆளு. மொட்டத் தல. குனிஞ்சுதான் ஜன்னலுக்குள்ள பாப்பார். எதிர்ல இருக்குற கட்டடத்துல பதினொண்ணாவது மாடியோ என்னவோ. உன் லெட்டர் வந்த அன்னிலருந்து அவருக்கு ரெண்டு உருண்டை கூட வைக்கிறேன்.

ஆனா உப்பைப் பத்தி ஒருத்தர்கூட எழுதலங்கறத யோசிச்சேன். கூடினா உடனே சொல்லுவாங்க. கம்மியா இருந்தா, சரி போகட்டும்னு சாப்பிட்டுப் போயிடுவாங்க. அதனால ஒருவேளை கம்மியோன்னு தோணுது. மாவுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டுப் பாக்குறேன். எலுமிச்சையும் கொஞ்சம் ஏத்துறேன். அடுத்த கட்டு இதோட இருக்கு, இருபத்தெட்டு தாள். பாத்துச் சொல்லு.

நேர்முகத்துல வாயத் தொறக்கலன்னா என்ன, உள்ள போயிட்டு வந்தியே. நம்ம வீட்டுல யாரு அந்தக் கதவைத் தாண்டியிருக்கா? அடுத்த தடவ பேரோட, டிகிரியையும் சேத்துச் சொல்லு. ரெண்டு விஷயம் ஆச்சு.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது. அம்மா நலம், தைலம் தேய்த்துக்கொள்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சமைப்பவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள் என்று அம்மா புலம்புகிறாள்.

இரண்டாவது கட்டையும் படித்தேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் ஒரு தாய், நீ குழந்தைக்குக் கை ஆட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டடக் காவலாளி, "சீக்கிரம் கொடுக்கிறார், என் இடைவேளை மிச்சம்" என்கிறார். ரொட்டி நல்ல சூடு என்று மூன்று பேர். ஊதா மைக்காரர் ஒரே ஒரு வரிதான்: "இரண்டு உருண்டை கூடுதல். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது."

மற்ற தாள்களில் எண்ணெய் பட்டு எழுத்து மங்கிவிட்டது. இனிமேல் தாள் கட்டைச் சற்றுத் தள்ளித் தொங்கவிடு.

அண்ணா, உப்பைக் கூட்ட வேண்டாமே. முன்பு இருந்தபடியே இருக்கட்டும். எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உன் தங்கை


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

சுகமா இருக்கீங்களா? நான் இருக்கேன்.

மதியம் வரிசை பாதியாயிடுச்சு. தெருக்கோடில புதுசா ஒரு ரொட்டி வண்டி வந்திருக்கு, அதனாலன்னு முதலாளி சொல்றார். குழந்தைக்காரம்மா வர்றதில்ல. காவலாளி வர்றார், ஆனா தண்ணி மட்டும் வாங்கிட்டுப் போறார். ஒரு ஆளு நேத்து ஒரு கடி கடிச்சுட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு, நாலடி தள்ளிப் போய்க் குப்பைத் தொட்டில போட்டுட்டார். நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டார்.

இந்தத் தடவ ஒம்பது தாள்தான்.

உன்னை ஒண்ணு கேக்கணும். முப்பத்தஞ்சு தாள் அனுப்பினேன், நாலு பேர் சொன்னதுதான் எழுதின. இருபத்தெட்டு அனுப்பினேன், ஆறு பேர் சொன்னதுதான் வந்துச்சு. பென்சில் அவ்வளவா அழியும்? நான் கோவிச்சுக்க மாட்டேன். மறைக்காம எழுது.

அண்ணன்


மே 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பென்சில் எதுவும் அழியவில்லை. எண்ணெயும் படவில்லை. எல்லாத் தாளும் தெளிவாகவே இருந்தன. நான்தான் எழுதவில்லை.

முதல் கட்டில் பதினொரு பேர் உப்பு அதிகம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், "மத்தியதரைக்கடல் உணவு சரி, அந்தக் கடலையே ஊற்ற வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். இரண்டாவது கட்டில் பத்தொன்பது பேர். உருண்டை கருகியிருந்தது என்று நான்கு பேர். குழந்தைக்காரம்மா நீ கை ஆட்டியதை எழுதிவிட்டு அடுத்த வரியில், "ஆனால் குழந்தை துப்பிவிட்டான்" என்று எழுதியிருந்தார். முதல் வரியை உனக்கு அனுப்பினேன். இரண்டாவதை நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது வந்த ஒன்பதில் ஒன்றை அப்படியே எழுதுகிறேன்: "பூண்டுத் தயிர் கெட்டுப் போயிருந்தது. பத்தடி தூரத்திலேயே வாடை அடித்தது. இவர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லையா?" ஊதா மைக்காரர் எழுதியது: "இவருக்கு ஏதோ ஆகிவிட்டது. முன்பு இப்படி இல்லை. பாதியைத் தினமும் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பிறகு எறிகிறேன். வராமலிருக்க மனமில்லை."

என்னைப் படிக்க வைத்தது உன் கை. அந்தக் கையைப் பற்றி இப்படியெல்லாம் என் கையால் எழுத முடியவில்லை. நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பினால் உனக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். நீ உப்பைக் கூட்டுவாய் என்று நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ ருசி பார்ப்பதில்லையா?

உன் தங்கை


மே 27

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

டிசம்பர் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனை தெரியல. ருசியும் தெரியல. உப்பும் மாவும் ஒண்ணுதான். பூண்டை வாயில போட்டு மென்னு பாத்தேன், ஈர மரக்கட்டையைக் கடிக்கிற மாதிரி இருந்துச்சு. தானா வந்துடும்னு ஒரு மாசம் பாத்தேன். டாக்டரும் வந்தாலும் வரும், வராமலும் போகும்னுட்டார்.

வெளிய சொல்ல முடியுமா? சமையக்காரனுக்கு நாக்கு இல்லன்னா முதலாளி அடுத்த ப்ளேன்லயே ஊருக்கு ஏத்திடுவார். அப்பத்தான் அந்தத் தாளுங்க கண்ணுல பட்டுச்சு. சாப்பிட்டவங்கதான் எழுதுறாங்களே, நீ படிச்சுச் சொன்னா அதை வச்சுக் கூட்டிக் குறைச்சுக்கலாம்னு நெனச்சேன். அவங்க எழுதுறதுதான் எனக்கு நாக்கு. லெட்டர் வந்து போறதுக்கு ஒரு மாசம் ஆகும், ஆனாலும் இல்லாததுக்கு அது மேல்னு இருந்தேன்.

உன் மேல கோவமில்ல. சத்தியமா இல்ல. நான் உண்மையச் சொல்லிக் கேட்டிருந்தா நீயும் உண்மைய எழுதியிருப்ப. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தப் போய் இப்படி ஆச்சு.

இப்ப உப்பு, எலுமிச்சை எல்லாம் கரண்டி வச்சு அளந்துதான் போடுறேன். தயிரை ரெண்டாம் நாள் கொட்டிடுறேன். கருகுறதைக் கண்ணால பாத்துக்குறேன். சமாளிச்சுடலாம். அம்மாவுக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு.

நாலு தாள் வச்சிருக்கேன். ஊதா மைக்காரர் நேத்து ரொம்ப நேரம் எழுதினார். ஜன்னல்ல நின்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லி, மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சாப்பாடு கமகமன்னு இருக்குன்னு சொல்றார் போல. அளந்து போடுறது வேலை செய்யுது.

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஊதா மைக்காரர் எழுதியதைக் கீழே தருகிறேன். தேதி மே 26.

"மூன்று நாட்களாக வண்டியின் பின்பக்கம் எரிவாயு வாடை. இன்று அதிகம். அவரிடம் மூன்று முறை சொன்னேன், மூக்கைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுத்தார். கீழே உள்ள எண்ணை அழைத்தால் இவர் வேலை போய்விடுமோ என்று அழைக்கவில்லை. இவரைத் தெரிந்தவர்கள் யாராவது இவருக்குச் சொல்லுங்கள்."

சிலிண்டரை மூடு. குழாயை மாற்றும்வரை அடுப்பைப் பற்றவைக்காதே. இது உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் எழுதியும் இன்றோடு பதினேழு நாள் ஆகிவிட்டது.

உன் தங்கை


ஜூன் 16

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகமா? உன் பதில் இன்னும் வரல. அதுக்குள்ள இங்க எல்லாம் மாறிடுச்சு.

நாலு நாளைக்கு முன்னாடி, மதிய வரிசை நிக்கும்போதே முதலாளி கார்லருந்து ஓடி வந்தார். செருப்புகூட ஒழுங்கா மாட்டல. என் சட்டைக் காலரைப் பிடிச்சுக் கீழ இழுத்துட்டார். ஜனங்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினார். அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம் சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தா, குழாய் இணைப்புல புஸ்புஸ்னு குமிழி. நான் அதுக்கு நேர் மேல அடுப்புல நின்னுட்டிருந்தேன். எத்தனை நாளோ தெரியல.

அப்புறம் என் மூக்குக்கு நேரா வினிகர் பாட்டிலைத் தொறந்து நீட்டினார். நான் அசையாம நின்னேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு. "எத்தனை மாசமா என்னை ஏமாத்தற?"ன்னார். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை.

இப்ப என்னை மாவு அரைக்கிற கூடத்துல பாத்திரம் கழுவ வச்சிருக்கார். அக்டோபரோட ஊருக்குப் போகச் சொல்லிட்டார். அம்மாகிட்ட, லீவுல வர்றேன்னு சொல்லி வை.

யாரோ தாள்ல இருந்த நம்பருக்குப் போன் பண்ணிச் சொன்னாங்களாம். அந்த நம்பருக்கு வந்த முதல் போனாம் அது. மொட்டத் தலைதான்னு நெனச்சேன். இல்ல, பொம்பளக் குரலாம். வாடையை மட்டும் சொல்லல, எனக்கு மூக்கு தெரியாதுன்னும் சொன்னாளாம். அது எப்படித் தெரியும்? இங்க நான் யார்கிட்டயும் சொல்லலயே. எந்த மகராசியோ, என் உசுரக் காப்பாத்திப்புட்டு என் சோத்துல மண்ணைப் போட்டுட்டா. வாழ்த்துறதா திட்டுறதான்னு தெரியல.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நீ லீவில் வருகிறாய் என்று சொன்னேன். அலமாரியில் உன் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி வைத்துவிட்டாள், இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே.

இந்த முறை ஒரு வரியும் விடாமல் எழுதுகிறேன்.

அன்று உனக்கு எழுதிய கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன். ஒட்டும்போதே, இது போய்ச் சேருவதற்குள் என்று ஒரு நினைப்பு வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள்.

"ஒரு போன் பண்ணணும்க்கா. வெளிநாட்டுக்கு. ஒரு புகார் சொல்லணும்."

"நீயா? பஸ்ல எவனாவது காலை மிதிச்சாக்கூட நீதான மன்னிப்புக் கேப்ப?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை என் பக்கம் தள்ளினாள். தாளின் கீழே இருந்த எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் எடுத்து, வண்டியின் பெயரைச் சொன்னார். அவர் குரலில் பதற்றம் இல்லை. அப்படியானால் வண்டி இன்னும் இருக்கிறது, நீயும் இருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அந்த ஒரு நொடியில் போனை வைத்துவிடலாமா என்றும் தோன்றியது. உனக்கு நான் சத்தியம் பண்ணவில்லைதான். ஆனால் பண்ணியது போலத்தான்.

"உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டார்.

அண்ணா, நேர்முகத்தில் நடந்தது போலவே பேச்சு வரவில்லை. அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார். மூன்றாவது முறை சொல்லிவிட்டு வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் வாய் தானாகத் திறந்தது. நான் ஒரு வாடிக்கையாளர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வண்டியில் எரிவாயு கசிகிறது, உடனே போங்கள் என்றேன். சமையல்காரரிடமே பேசிக்கொள்கிறேன் என்றார். அவரிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், அவருக்கு வாசனை தெரியாது என்றேன். அதைச் சொல்லாமல் அவரை ஓட வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு யோசித்தால் பத்து வழி தோன்றுகிறது. பெயரைக் கேட்டார். வைத்துவிட்டேன்.

நீ வாழ்த்தலாம், திட்டலாம். இரண்டுக்கும் முகவரி இதுதான்.

உன் தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? போன மாதமும் இந்த மாதமும் நீ போன் செய்யவில்லை. வண்டியில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கடைப் படியிலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நேற்றும் ஒரு நேர்முகம். பெயரும் டிகிரியும் சொன்னேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 9

பட்டதாரிக்கு,

நலம். மூணு லெட்டரும் கிடைச்சுது. பாத்திரத் தண்ணில ஊறி விரல் வெடிச்சிருக்கு, அதான் எழுதல.

அது பொய். எழுத உக்காந்தேன், எழுத வரல. அவ்வளவுதான்.

மொட்டத் தல எப்படியோ கூடத்தைக் கண்டுபிடிச்சு வந்தார். என் கட்டைவிரலைப் பிடிச்சு உயத்திப் பாத்துட்டு, அந்த ஊதாப் பேனாவை என் கைல குடுத்துட்டுப் போயிட்டார். இதை எழுதுறது அதுலதான். மங்கலா இருந்தா சொல்லு.

மூக்கு அப்படியேதான் இருக்கு. இனிமே வரும்னு எனக்குத் தோணல. அக்டோபர் பதினெட்டு வந்து சேருவேன். அங்க வந்து என்ன வேலை செய்யறதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான்.

நான் வந்து உக்காந்ததும் அம்மா நிறையச் சமைச்சு வைப்பாங்க. முதல் வாய் வச்ச உடனே, "உப்பு சரியா இருக்கா?"ன்னு கேப்பாங்க. எப்பவும் கேக்குறதுதான். அதை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நீ எனக்கு நேர் எதிர்ல உக்காந்துக்க. எனக்கு முன்னாடி நீ ஒரு வாய் சாப்பிட்டுடு. சரியா இருந்தா தலையாட்டு. கூடவோ குறைவோ இருந்தா ஆட்டாத.

உள்ளதை உள்ளபடி காட்டு.

அண்ணன்